முட்டை சுமக்கும் அப்பா

வயலில் நாற்று நடவு நடந்தது. சேற்றுத் தண்ணீரில் ஒரு பூச்சி நீந்தியது. அதன் முதுகு முழுவதும் சிறு மணிகள் ஒட்டியிருந்தன.

"ஐயோ! கரப்பான் பூச்சிக்கு ஏதோ நோய். மிதித்துவிடுகிறேன், அக்கா" என்றாள் இளம்பெண்.

"மிதிக்காதே, தங்கச்சி! அது கரப்பான் இல்லை. நீர்ப்பூச்சி. முதுகில் இருப்பது முட்டை. மிதித்தால் காலில் கடிக்கும்" என்றாள் அக்கா.

அது பெரிய நீர்ப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. குளம், குட்டை, நெல்வயல் ஆகிய இடங்களில் இந்த இனம் வாழும்.

எப்படி அடையாளம் காண்பது?

1. உடல் தட்டையாக இருக்கும். நிறம் பழுப்பு.
2. முன்கால்கள் கும்பிடு பூச்சியின் கால்கள் போல மடங்கி இருக்கும். இரையைப் பிடிக்க இவை உதவும்.
3. பின்கால்கள் துடுப்புப் போல் தட்டையானவை.
4. வாய் கூரான ஊசி போல இருக்கும்.
5. சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருக்கும். நீர் வண்டுக்கு முதுகின் நடுவே நேர்கோடு தெரியும்.
6. கரப்பானுக்கு மீசை நீளம். இதன் மீசை வெளியே தெரியாது.
7. நீர்த்தேளுக்கு வால் போன்ற நீண்ட குழாய் உண்டு. இதற்கு அப்படி இல்லை.

சிறிய வகை சுமார் 2 செ.மீ. இருக்கும். இதில் பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண்தான் சுமக்கும். முட்டைக்குக் காற்றுப்பட, அடிக்கடி நீரின் மேலே வரும்.

பெரிய வகை 6 முதல் 8 செ.மீ. வரை வளரும். இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வரும். நீருக்கு மேலே உள்ள தண்டுகளில் முட்டையிடும். அங்கும் ஆண்தான் காவல். மணிப்பூரில் மக்கள் இதைச் சமைத்து உண்கிறார்கள்.

நன்மையும் தீமையும்

சிறிய வகை கொசுப் புழுக்களைத் தின்னும். இது நமக்கு நன்மை. பெரிய வகை மீன்குஞ்சுகளையும் பிடிக்கும். இது மீன் வளர்ப்போருக்கு நட்டம்.

கையில் பிடித்தாலும், மிதித்தாலும் கடிக்கும். கடுமையாக வலிக்கும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். வீக்கம் அதிகமானால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகவேண்டும்.

அந்தப் பெண் காலை எடுத்துக்கொண்டாள். முட்டைகளோடு பூச்சி நீந்திப் போனது.

"பிள்ளைச் சுமையை அப்பாவும் சுமக்கிறாரே!" என்று சிரித்தாள் அவள்.

பதில் எழுதுங்கள்

1. முட்டைகளைச் சுமப்பது யார்?
2. கரப்பானுக்கும் நீர்ப்பூச்சிக்கும் என்ன வேறுபாடு?
3. கடித்தால் என்ன செய்யவேண்டும்?