ஏலக்காய்ப் பரிசோதனை: அளவுத்திருத்தக் குறி குன்றுதலும் அதன் பரிகாரமும்

போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் ஏலக்காயின் மதிப்பு, நிறத்தையும் பருமனையும் மட்டுமின்றி, அதிற் தங்கிய பூச்சிமருந்தின் அளவையும் பொறுத்ததாகும். 2023 ஜனவரியில், ஏலக்காயில் வரம்பை மீறிய மருந்தெச்சம் இருந்ததாக எழுந்த வழக்கில், சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திற்று. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. எனினும், ஆய்வுக்கூடத்தின் ஓர் எண் எத்துணை நஷ்டத்துக்கு ஏதுவாகலாம் என்பதை ஏலத்தோட்டக்காரர் யாவரும் உணர்ந்தனர்.

அவ்வெண்ணைத் தருவதே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நிறை நிறமாலைமானி. அது வெற்றிடத்தில் பொருளின் மூலக்கூறுகளை மின்னேற்றமுள்ள துணுக்குகளாக்கி, எடைவாரியாகப் பிரித்து எண்ணுகின்றது. கிலோ ஒன்றுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு மருந்தையும் அது காட்டவல்லது. தராசுக்கு முத்திரையிட்ட படிக்கல் எப்படியோ, இக்கருவிக்கு அளவுத்திருத்தப் பொருள் அப்படி. வாயுப்பிரிகையுடன் இணைந்த கருவிகளில் பெர்ஃபுளோரோ டிரைபியூட்டைல் அமீன் என்னும் திரவத்தின் ஆவியைச் செலுத்தி, 69, 219, 502 என்னும் எடைகளிற் தோன்றும் குறிகளைச் சரிபார்ப்பர்.

இக்குறிகள் குன்றின், காரணத்தை எளியதிலிருந்து தொடங்கி வரிசையாகத் தேடவேண்டும்.

1. திரவக் குப்பி வறண்டுள்ளதா, அதன் வால்வு திறக்கின்றதா என்று முதலிற் காண்க.

2. அடுத்து 18, 28, 32 ஆகிய எடைகளை நோக்குக. 28-ம் 32-ம் ஏறத்தாழ நாலுக்கு ஒன்றென ஓங்கி நின்றால் வெளிக்காற்று புகுகின்றது, இணைப்புகளை இறுக்குக. 18 மட்டும் மிகுந்தால் அஃது ஈரம். பம்பு மேலும் ஓடவேண்டும்.

3. 69 நிலைத்து 502 தளர்ந்தால், அயனியாக்கும் அறையில் அழுக்குப் படிந்திருத்தல் கூடும். ஏலக்காய்ச் சாற்றின் மெழுகும் நிறப்பொருளும் அங்கே படிவன. அறையைச் சுத்தி செய்வதோடு, சாற்றையும் முன்னரே நன்கு தெளிவித்தல் வேண்டும்.

4. எல்லாக் குறிகளும் ஒருங்கே தாழ்ந்தால், மின்னிழையும் எலெக்ட்ரான் பெருக்கியும் தேய்ந்தனவா என்று பார்க்கவேண்டும். அழுக்கை அகற்றாமல் பெருக்கியின் மின்னழுத்தத்தை மட்டும் உயர்த்துவது, கரிபடிந்த சிமினியைத் துடையாது திரியைத் தூண்டுவதை ஒக்கும். குற்றம் மறையும், பெருக்கியும் விரைவில் அழியும்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும், குயினால்பாஸ் போன்ற மருந்தின் மாதிரிக் கரைசல் மெலிந்த குறி தருமாயின், அக்கரைசல் கெட்டிருக்கலாம். இதிற் குடியானவர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. படிக்கல் தேய்ந்தால் சரக்கு எடை மிகுந்து காணும். அதுபோல், கெட்ட கரைசலோடு ஒப்பிடின் குற்றமற்ற ஏலக்காயும் வரம்பு மீறியதாகக் காணும். மாறாக, கருவியே மங்கிச் சிற்றளவை உணராதொழியின், மருந்துள்ள காயும் தூயதென்று சான்று பெற்று, அயல்நாட்டுத் துறைமுகத்தில் திருப்பப்படும். ஏலக்காய்ச் சாறே குறியைத் தாழ்த்தவோ உயர்த்தவோ கூடுமாதலால், மருந்தில்லாத ஏலக்காயின் சாற்றிலேயே ஒப்பீட்டுக் கரைசலைத் தயாரித்தல் உத்தமம்.

ஆகவே ஐயத்திற்குரிய முடிவு வந்தவிடத்து, அன்றைய அளவுத்திருத்தம் தேறியதா, ஏலக்காய்ச் சாற்றில் ஒப்பீடு செய்யப்பட்டதா, கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு யாது என்னும் மூன்றையும் உரியவர் எழுத்து மூலம் கேட்டறிதல் நலம். ஒவ்வொரு லாட்டிலும் பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியின் ஒரு பகுதியை முத்திரையிட்டு வைத்திருந்தால், மறுபரிசோதனைக்கு உதவும்.

கருவி எத்துணைச் செவ்வையாயினும், தோட்டத்திற் தெளித்ததையே அது காட்டும். காய் எடுத்தபின் மருந்து தெளித்தலும், அடுத்த எடுப்புக்கு முன் குறித்த நாட்கள் காத்திருத்தலும், தெளித்த மருந்தையும் தேதியையும் ஏட்டிற் பதிதலும் தோட்டக்காரரின் கடமை. கிராம அதிகாரிகள் இதனைச் சிறு தோட்டக்காரர்க்கும் விளக்குவாராயின், மலைச்சரிவின் ஏலக்காய் தன் நற்பெயரை இழவாது நிற்கும்.