எடைக்கா, ஓடிய தூரத்துக்கா?

கேள்வி: கார் வாங்கியபோதே ஆயுள் வரி கட்டிவிட்டேன். பெட்ரோல் போட்டால் அதிலும் சாலைக்கென்று செஸ். மதுரைப் பக்கம் போனால் டோல். பக்கத்து வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கினார். ஆயுள் வரி விலக்கு கிடைத்தது, பெட்ரோல் செலவும் கிடையாது. சாலைப் பராமரிப்புக்கு யார் எவ்வளவு கொடுப்பது நியாயம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் ஆதங்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆயுள் வரி சாலைக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பணம் அல்ல. மாநில அரசின் பொதுக் கணக்கில் கலந்துவிடும். ஷெட்டிலேயே நிற்கும் காரும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் காரும் ஒரே விலை என்றால் ஒரே வரிதான்.

சரி, சாலையை உண்மையில் கெடுப்பது எது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில், ஒரு டன் அச்சைவிடப் பத்து டன் அச்சு பத்தாயிரம் மடங்கு கெடுக்கும். உங்கள் சின்னக் காரின் ஓர் அச்சில் ஒரு டன்கூட இருக்காது. லாரியில் பத்து சதவீதம் ஓவர்லோடு ஏற்றினாலே சேதம் 46 சதவீதம் கூடுகிறது.

நம் டோல் கட்டணமோ வேறு கணக்கில் ஓடுகிறது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் அடிப்படை விகிதம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு. இரண்டு அச்சு லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2.20 ரூபாய். மூன்றரை மடங்குகூட இல்லை. இதைவிட வேடிக்கை, அச்சு கூடக்கூடக் கட்டணமும் ஏறுகிறது. அதே சரக்கைக் கூடுதல் அச்சுகளில் பரப்பி ஏற்றி, சாலையைக் காப்பாற்றுகிறவர்தான் அதிகம் கட்டுகிறார்!

அதற்காக மொத்தத்தையும் லாரிக்காரர் தலையில் கட்டவும் முடியாது. சாலையை ஆறு வழியாக அகலப்படுத்துவதில் கார்களின் நெரிசலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கித் தார் பெயர்ந்தால், அது வடிகால் இல்லாமல் சாலை போட்டவர் விட்ட குறை.

மின்சாரக் கார் விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் வரியில் ஒரு நல்லது, ஓட ஓடக் கட்டுகிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதிலிருந்து முழுக்க நழுவிவிடுகிறார். நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் பல காலமாகவே ஓடிய தூரத்துக்குக் கட்டுகின்றன. கனரக வண்டிகளுக்கு எடையையும் அச்சுகளையும் பார்த்துக் கட்டணம். 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கும் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் வைத்தார்கள். எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது. நம் ஊரில் 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய் விலையில் வந்த டோல் பாஸ் இதற்கு நேர் எதிர்: 200 முறை வரை, எவ்வளவு அதிகம் ஓடுகிறீர்களோ அவ்வளவு மலிவு. அடிக்கடி போகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள், லாபம்தான்.

ஓடிய கிலோமீட்டரை யார் சரிபார்ப்பது என்பதில்தான் சிக்கல். மீட்டரைத் திருப்பிவைக்கும் கைவேலை பழைய கார் வாங்கியவர்களுக்குத் தெரியும். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது பார்க்கலாமென்றால், மின்சாரக் காருக்கு அது தேவையே இல்லை. ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது குறித்துக்கொண்டு வசூலிக்கலாம். அப்படி வசூலித்தால் ஆயுள் வரியை அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும்.