மிளகுக் கொடியில் காய்க்கும் குருத்து எது?

ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்ததும் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பின் செந்துளிர் விடுவதைத் தோட்டத் தொழிலாளர் நன்கறிவர். கொடிகளுக்கும் இத்தகைய பருவம் உண்டு. நியூசிலாந்தின் கிவிப் பழக்கொடியில் மொட்டுகள் நெடுங்குளிரைக் கண்ட பின்பே விழிக்கின்றன. நம் மிளகுக் கொடியோ வறட்சியில் ஓய்ந்து, மழை கண்டதும் துளிர்க்கிறது. அப்புதிய இலைகளுக்கு எதிரேதான் பூச்சரம் தோன்றும்.

பினாங்கிற்கு மிளகு புதியதன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கு வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே மிளகுத் தோட்டங்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை வீழவே அவை அருகின. இன்று நாட்டின் மிளகு பெரும்பாலும் சரவாக்கில்தான் விளைகிறது. ஆயினும் வீட்டுக் கொல்லைக்கு இரண்டொரு கொடி போதுமே!

நடும் துண்டைத் தேர்வதில்தான் பலர் ஏமாறுகின்றனர். கணுதோறும் வேர்விட்டுத் தாங்குமரத்தைப் பற்றி ஏறுவது ஏறுகொடி. அதன் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் பிரிவது காய்க்கும் கிளை. அதற்குப் பற்றுவேர் இல்லை. அடியிலிருந்து தரையில் படர்வது ஓடுகொடி. காய்க்கிறதே என்று பக்கக்கிளையை நட்டால் அது ஏறாது, குத்துச்செடியாகவே நின்றுவிடும். ஓடுகொடி ஏறும், ஆனால் காய்க்கக் காலந்தாழ்க்கும். ஏறுகொடியின் நுனிப்பகுதியில் 5 முதல் 7 கணுக்கள் உள்ள துண்டே நன்று.

இளங்கொடி 8, 10 கணு வளர்ந்ததும் நுனியை வெட்ட எவருக்கும் மனம் வராது. வெட்டத்தான் வேண்டும். நுனி உள்ளவரை கீழ்க்கணு மொட்டுகள் உறங்கும்; அது நீங்கினால் இரண்டு மூன்று ஏறுகொடிகள் கிளம்பும், பக்கக்கிளைகளும் பெருகும். ஆனால் காய்ப்புக்கு வந்த கொடியில், மழைத்துளிர் விடும் வேளையில் பக்கக்கிளைகளைக் கழிப்பது அவ்வாண்டு விளைச்சலையே வெட்டியெறிவதாகும். பூச்சரம் தோன்றிய பின்னும் காய் முற்ற ஆறேழு மாதம் செல்லும்.