தோட்டத் தடத்துக்கு ஏற்ற பழைய மோட்டார் சைக்கிள்

கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறார். மடியைத் தொட்டுப் பார்க்கிறார். நான்கு காம்பிலும் பால் வருகிறதா என்று பீச்சிப் பார்க்கிறார். நடக்கவிட்டுக் காலைக் கவனிக்கிறார். அதே விவசாயி, ஏறத்தாழ ஒரு மாட்டின் விலையைக் கொடுத்துப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, கழுவித் துடைத்து மெருகேற்றிய பெட்ரோல் டாங்கியைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார். பிறகு அறுவடைக் காலத்தில் வண்டி பட்டறையில் நிற்கிறது.

தார்ச் சாலை இன்று பெரும்பாலான ஊர்களுக்கு வந்துவிட்டது. ஆனால் சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி ஒரு மைல் இன்னும் வண்டித் தடமாகவோ, வாய்க்கால் கரையாகவோ, ஓடையாகவோதான் இருக்கிறது. உரமூட்டை, தீவனம், தெளிப்பான், பழுதான மோட்டார் எல்லாம் இந்த ஒரு மைலைக் கடந்தாக வேண்டும். விடியற்காலையில் வண்டி கிளம்பாவிட்டால் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் தவறிவிடும். ஆகவே விவசாயிக்கு வேண்டியது வேகமான வண்டியல்ல. கரடு முரடான தடத்தில் சுமையோடு போய்த் திரும்பும் வண்டி.

எந்த வகை வண்டி?

கரட்டுப் பாதைக்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டில் சில உண்டு. ஹீரோ நிறுவனத்தின் இம்பல்ஸ் 2011-லும், எக்ஸ்பல்ஸ் 200 என்பது 2019-லும் வந்தன. ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயன் 2016-ல் வந்தது. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் ஆகிய இரண்டிலும் முன் சக்கரம் 21 அங்குலம். இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்த உயரமும், நீளமாக அமுங்கும் ஷாக் அப்சார்பரும் பெரிதும் உதவுகின்றன. இப்போது இவை பழைய வண்டிச் சந்தைக்கும் வருகின்றன. இளைஞர்களின் கண் இவற்றின்மேல்தான் இருக்கிறது.

ஆனால் விலைச்சீட்டை மட்டும் பார்த்து இவற்றை வாங்கிவிடக் கூடாது. எக்ஸ்பல்ஸின் இருக்கை உயரம் 823 மில்லிமீட்டர். நடுத்தர உயரமுள்ளவருக்குப் பின்னால் சுமை இருக்கையில் இரு கால்களும் முழுமையாக நிலத்தில் ஊன்றா. சேற்றில் சாய்ந்தால் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தனி ஆளாகத் தூக்க வேண்டும். ஹிமாலயன் இன்னும் கனமானது. இம்பல்ஸ் உற்பத்தி நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் உதிரிப் பாகத்துக்கு அலைய நேரும். முந்தைய உரிமையாளர் மலைப் பாதையில் தாவிக் குதித்து விளையாடிய வண்டியாகவும் அது இருக்கக்கூடும். பால் கேன் கட்ட இவற்றில் வசதியான இடமும் இல்லை.

சமவெளிச் சிறு விவசாயிகளில் பெரும்பாலோருக்கு 100 அல்லது 110 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டியே போதும். 17 அல்லது 18 அங்குலக் கம்பிச் சக்கரம் உள்ளதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிளெண்டர் போன்றவற்றின் உதிரிப் பாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். பஜாஜ் சி.டி. 110 எக்ஸ் 2021-ல் வந்தபோது பின்புறக் கேரியரும் கட்டை டயரும் சேர்ந்தே வந்தது. ஆனால் அந்தக் கேரியர் 7 கிலோவுக்குத்தான் உரியது என்பதை மறக்கலாகாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வேகமற்றது, பார்வைக்கு எளியது. எனினும் காலுக்கு முன்னே மூட்டை வைத்துச் செல்ல இதைப்போல் வேறு வண்டி இல்லை. அதற்கு முந்திய எக்ஸ்.எல். சூப்பர் இரண்டு ஸ்ட்ரோக் வகை. அதில் பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும்.

மண்ணையும் பார்த்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரிசல் மண்ணில் மழை பெய்த மறுநாள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: களி மண் டயரில் திரண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டு, சக்கரத்தையே சுற்றவிடாமல் செய்துவிடும். கரட்டுப் பாதை வண்டிகளில் முன் மட்கார்டு டயரை விட்டு ஒரு சாண் மேலே இருப்பதற்கு இதுவே காரணம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிக் கரிசல் விவசாயி எந்த வண்டி வாங்கினாலும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரலாவது தாராளமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். டெல்டாவில் ஒற்றையடி வரப்பில் போக வண்டியின் எடை குறைவாக இருப்பதே முக்கியம். சரளைச் செம்மண்ணுக்கு எதுவும் ஏற்கும். கொல்லிமலை, ஜவ்வாது மலை போன்ற இடங்களில் மிளகும் காபியும் ஏற்றி இறக்குவோருக்கு மட்டும் 150, 200 சி.சி. கரட்டு வண்டி பொருளுள்ள செலவு. அங்கே இழுவையும் பிரேக்கும் உயிர் காக்கும்.

கையிருப்பைப் பிரித்தல்

கையில் 40,000 ரூபாய் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். 32,000 ரூபாய்க்கு மேல் விலை பேசக் கூடாது. மீதி 8,000 ரூபாய் டயர், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, ஆயில், காப்பீடு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு வேண்டும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்தவர் தேய்ந்த டயரோடு ஓட்டுவார்; அல்லது வட்டிக்கு வாங்குவார். பழைய வண்டிக்காகக் கடன் வாங்குவதைவிட, அடுத்த மகசூல் வரை சைக்கிளிலேயே போவது மேல்.

வண்டியின் வயதையும் கணக்கிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் பாரத் 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் இன்றி எரிபொருள் ஊசி முறையில் இயங்குகின்றன. அவை நல்ல வண்டிகளே. ஆனால் பழுது பார்க்கக் கருவியுள்ள பட்டறை தேவை. பாட்டரி அடியோடு இறங்கினால் உதைத்தும் கிளம்பாமல் போகலாம். அண்மையில் நல்ல பட்டறை இல்லாத ஊர்களில், அதற்கு முந்திய கார்புரேட்டர் வண்டியே சிறு பணத்துக்கு ஏற்றது. ஒரு குறை உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே டாங்கியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு உள்ளதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்த்துவிட வேண்டாம்! பெட்ரோல் குழாயையும் விரலால் வளைத்து வெடிப்பைக் காணலாம்.

விடியற்காலையில் போக வேண்டும்

மாட்டு வியாபாரி முந்திய வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது போல, வண்டி விற்பவரும் ஆள் வருமுன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைப்பதுண்டு. சூடான இன்ஜின் ஒரே உதையில் கிளம்பிவிடும், குறை தெரியாது. எனவே சொல்லாமல் விடியற்காலையில் போய், முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

குளிர்ந்த இன்ஜினை விற்பவரையே உதைக்கச் சொல்லி, சைலன்சர் பக்கம் நின்று கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் மெல்லிய வெண்புகை வந்து சிறிது நேரத்தில் மறைந்தால் அது நீராவி, அச்சமில்லை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் போயிருக்கும். கரும்புகை பெரும்பாலும் கார்புரேட்டர் கோளாறு; சிறு செலவில் தீரும். மேலே டிக்டிக் என்று வரும் மெல்லிய ஓசை டாப்பெட் சரிசெய்தால் போகும். அடியிலிருந்து கனத்த தட்டொலி வந்தால் கிராங்க் பகுதி தேய்ந்தது என்று பொருள். அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்து இன்ஜினை நிறுத்தி ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி ஓடையிலோ வெள்ளத்திலோ மூழ்கியது. விரலில் தேய்த்துப் பார்க்கையில் வெள்ளித்தூள் போல மின்னினால் உள்ளே இரும்பு தேய்கிறது.

கிலோமீட்டர் முள்ளை நம்பிப் பயனில்லை. அதைத் திருப்பி வைப்பது எளிது. கால்மிதி ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி ஆகியவற்றின் தேய்மானம் பொய் சொல்லாது.

சட்டம், சக்கரம், செயின்

இன்ஜினை மீண்டும் போர் செய்யலாம். வளைந்த சட்டத்தை முழுமையாக நேராக்க முடியாது. தோட்டத்து வண்டியில் சட்டமே உயிர்நாடி. கைப்பிடிக்குக் கீழே கழுத்துப் பகுதி, பின்சக்கரம் தாங்கும் கரம், கேரியர் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் புதிய பெயிண்ட் பளிச்சென்று இருந்தால், அதன் அடியில் வெல்டிங் இருக்கக்கூடும்.

பார் பிடிக்கக் கயிறு கட்டுபவருக்கு அடுத்த சோதனை எளிது. முன் சக்கரத்தை நேராக நிறுத்தி, பின் டயரின் பக்கவாட்டில் நூலை இழுத்து முன் டயர் வரை பிடிக்க வேண்டும். முன் டயர் ஒடுங்கியிருப்பதால் சிறு இடைவெளி தெரியும். இரு பக்கமும் அந்த இடைவெளி சமமாக இருந்தால் நலம். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் முதலில் செயின் சரிசெய்யும் குறிகள் இருபுறமும் ஒன்றாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை ஒன்றாக இருந்தும் வேறுபட்டால் ஃபோர்க்கோ சட்டமோ வளைந்திருக்கிறது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால் கழுத்து பேரிங் மாற்ற வேண்டும். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அலாய் சக்கரம் பார்க்க அழகு. கல்லில் மோதி விரிசல் கண்டால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். கம்பிச் சக்கரத்தை உள்ளூரிலேயே நேராக்கிவிடலாம்.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்க்கவும். பல்லில் பாதி வெளியே தெரியுமளவு செயின் எழும்பினால் தேய்ந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்குரிய தொகையை விலையில் குறைத்துக் கேட்பது நியாயம்.

சுமையோடு ஓட்டிப் பார்க்கவும்

வெறும் வண்டியைத் தார்ச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. 40 லிட்டர் பால் நிறைந்த கேன் ஏறத்தாழ 50 கிலோ கனக்கும். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அதேபோன்ற சுமையை வைத்து, ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்ற வேண்டும். இன்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்தது. இறங்கும்போது பிரேக்கை மெல்லப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சுமை ஏற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், காரணம் ஏதோ இருக்கிறது.

ஆவணங்கள்

சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 14 ஆண்டு ஆன வண்டி மலிவாகக் கிடைத்தால் இந்தச் செலவையும் சேர்த்தே விலையை எண்ண வேண்டும்.

சட்டத்திலும் இன்ஜினிலும் பொறித்த எண்களை ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட வேண்டும். எண்ணைத் தேய்த்த தடயம் இருந்தால் அங்கிருந்து விலகுவதே நல்லது. எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவுக் காலம், காப்பீடு முதலிய விவரங்கள் தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நொடியில் பார்த்துச் சொல்வார்கள். செலுத்தாத அபராதம் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லலாம். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்கக் கூடாது. தீராத கடனுக்காக வண்டியை எடுத்துச் சென்றால் வாங்கியவர் பணம் போனதுதான். பிற மாநிலப் பதிவு வண்டி மலிவாகத் தோன்றும். தடையில்லாச் சான்றும் இங்கு வரியும் சேர்ந்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய வண்டியை விற்கும் விவசாயிக்கும் இதில் அக்கறை வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. "அவர் மாற்றிக்கொள்வார்" என்று நம்பிச் சாவியைக் கொடுத்தவர் பின்னர் நீதிமன்றம் ஏற நேரலாம்.

வாங்கிய பின்

முதல் வேலையாக ஆயிலை மாற்றி, காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இழுவை போதாவிட்டால் பெரிய வண்டிக்கு ஆசைப்பட வேண்டாம். முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 பல்லாக மாற்றினால் போதும். உச்ச வேகம் ஏழு சதவீதம் குறையும், சுமையிழுக்கும் திறன் அந்த அளவுக்குக் கூடும். பின்னால் கட்டை டயர் போடலாம். சேற்றுக்காகக் காற்றைச் சிறிது குறைக்கலாம். மிகக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வு அறுந்துவிடும். ஓடையைக் கடந்ததும் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம்முக்குள் புகுந்த ஈரம் காயும். கதிரடிக்கும் காலத்தில் களத்துத் தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்ப்பது அவசியம்.