வேலைக்கு மனுச் செய்வோர்க்கு

தமிழ்நாட்டில் கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பதவிகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்துகின்றன. பாலக்கரை, உறையூர் நெசவாளர் பிள்ளைகளும் இவற்றுக்கு ஆயத்தமாதல் வேண்டும்.

மனுவிலும் சான்றிதழ்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருத்தல் அவசியம். பிழையிருப்பின் விளம்பரம் வரும்வரை காத்திராது இன்றே திருத்துக. ஓரெழுத்துப் பிழையாலும் வாய்ப்பு நழுவக்கூடும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர் முதலானோர் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்ததையும், இந்தியாவில் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததையும் படித்தறிக.

தகப்பனார் தொழிலைக் கேட்டால் தறியை மறைக்க வேண்டா. 840 கஜச் சிட்டங்கள் அறுபது சேர்ந்து ஒரு பவுண்டு எடை கொண்டால் அது 60-ஆம் நம்பர் நூல் என விளக்குக. தறியடியில் கற்ற கணக்கும் கல்வியே. தெரியாததைத் தெரியாதென்று பணிவுடன் சொல்லுதலே நன்று.