பட்டா யார் பேரில்?

கேள்வி: கணவரை இழந்த பெண்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கிறேன். எல்லாம் சரளமாகப் பேசுபவர்கள், "வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது?" என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் 'பதிலில்லை' என்று எழுதினால் போதுமா?
- ஆய்வு மாணவி, மதுரை

பதில்: போதாது. கேள்வி எந்த வார்த்தைகளில் கேட்கப்பட்டது, பக்கத்தில் யார் இருந்தார்கள், மௌனம் எத்தனை நொடி நீண்டது, முதலில் வாய் திறந்தது யார், பேச்சு எங்கே தாவியது என்பதையெல்லாம் குறித்துவையுங்கள். உரையாடல்களை எழுத்தில் பதிய முறை வகுத்த கெயில் ஜெஃபர்சன், நொடியில் பத்தில் ஒரு பங்குவரை மௌனத்தை அளந்து அடைப்புக்குறிக்குள் போட்டார். உங்களுக்கு அத்தனை நுணுக்கம் வேண்டாம். கைப்பேசிப் பதிவில் ஓடும் நேரமே போதும்.

சிக்கல் அர்த்தம் சொல்வதில்தான். பெண் பேசவில்லையென்றால் உடனே 'ஒடுக்குமுறை' என்று எழுதிவிடுகிறோம். அரிசோனாவின் மேற்கு அப்பாச்சி மக்களைப் பற்றி கீத் பாஸோ 1970இல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். விடுதிப் பள்ளியிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் சட்டென்று பேச்சுக் கொடுப்பதில்லை. கோபமெல்லாம் இல்லை, வெளியே இருந்துவிட்டு வந்த பிள்ளை எப்படி மாறியிருக்கிறது என்று பிடிபடும்வரை பொறுத்திருக்கிறார்கள். இத்தாலியில் டூரின் தொழிலாளர்களிடம் வாழ்க்கைக் கதை கேட்ட லூயிசா பஸ்ஸரினிக்கு வேறு அனுபவம். அவர்களில் பலர் நிறையவே பேசினார்கள், ஆனால் முசோலினியின் ஆட்சிக்காலத்தை மட்டும் தாண்டிப் போனார்கள். பேச்சுக்கு நடுவிலும் மௌனம் இருக்கும் என்பதால் பேசிய பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமானவர் ஊர்வசி புட்டாலியா. இந்தியப் பிரிவினையை அனுபவித்த குடும்பங்களை அவர் சந்தித்தபோது பெரும்பாலும் ஆண்களே பேசினார்கள்; பெண்களைத் தனியே பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. நீங்கள் பட்டாவைப் பற்றிக் கேட்டபோது மைத்துனரோ மகனோ திண்ணையில் உட்கார்ந்திருந்தார்களா? அப்படியானால் அது அந்தப் பெண்ணின் மௌனம் மட்டுமல்ல, அந்தத் திண்ணையின் மௌனமும்கூட. ஆளில்லாத நேரமாகப் பார்த்து இன்னொரு முறை போய்வாருங்கள். அப்போதும் பேசாவிட்டால் துருவாதீர்கள். பேட்டிக்குச் சம்மதித்தவர் எல்லாவற்றையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். நடந்ததை நடந்தபடி எழுதி, 'காரணம் தெரியவில்லை' என்று ஆய்வேட்டில் போடுங்கள். தேர்வாளர் முகம் சுளித்தால் பாஸோவின் கட்டுரையை நீட்டுங்கள்.