வரிசை மாறினாலும் விடை மாறாதாம்!

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், தஞ்சாவூர் டியூஷன் வட்டாரத்தில் ஒரு 'டிப்ஸ்' கிளம்பிவிடும். "எஃப் ஓ ஜி, ஜி ஓ எஃப் ரெண்டும் ஒண்ணுதான், எதைப் போட்டாலும் மார்க்." பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே, சார்புகளின் சேர்ப்பில், இரண்டும் பொதுவாகச் சமமில்லை என்று இருக்கிறது. அதைப் புரட்டக்கூட நேரமில்லாதவர்கள் ஏன் ஐயா பாடம் எடுக்க வருகிறீர்கள்?

களத்துமேட்டுக்கு வாருங்கள். 1952இல் வந்த தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், சாகுபடி செய்தவருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 என்றது. கண்டுமுதல் 100 கலம், அறுப்புக்கூலி 10 கலம் என்று வைத்துக்கொள்வோம். கூலியை அம்பாரத்திலிருந்தே அளந்துவிட்டு, மிச்சத்தில் நூற்றுக்கு 40 போட்டால் அவருக்கு 36 கலம். முதலில் 40 கலத்தைப் பிரித்து, அதிலிருந்து கூலியை அளந்தால் 30. பத்தைக் கழிப்பது ஒரு சார்பு, பங்கு போடுவது இன்னொரு சார்பு. எது முந்தி என்பதில் 6 கலம் போச்சு. எந்தக் குத்தகைக்காரரிடமாவது போய் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிப் பாருங்களேன்!

புரளிக்கு வேர் எது என்பதும் தெரிந்ததுதான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழியை வேலியாக்க 100ஆல் முதலில் வகுத்தாலும் 20ஆல் முதலில் வகுத்தாலும் எண் மாறாது. வெறும் வகுத்தலில் பழகிய கை, கழித்தலும் வர்க்கமும் வந்த இடத்திலும் அதையே நீட்டுகிறது.

மற்றவை சில்லறை. சேர்ப்பு என்றால் பெருக்கலாம். இல்லை, ஒன்றின் விடையை மற்றதில் இடுவது. இடப்பக்கம் இருப்பதுதான் முதலில் வேலை செய்யுமாம். எஃப் ஓ ஜியில் ஜிதான் முதலில். மூன்று சார்புகளில் அடைப்புக்குறி நகர்ந்தால் விடை மாறுமாம், மாறாது.

"பரீட்சையோடு சரி, அப்புறம் எதற்கு?" என்பவர்களுக்குக் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனைக் காட்டலாம். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கணக்கை 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் கேட்டார். விடை 3. ஒன்றோடு இருநான்கு எட்டைக் கூட்டி மூலம் எடுத்தால் 3. அந்த 4, ஒன்றோடு மூவைந்து பதினைந்தைக் கூட்டி எடுத்த மூலம். அந்த 5, ஒன்றோடு நாலாறு இருபத்துநான்கைக் கூட்டி எடுத்தது. சார்புக்குள் சார்பாக இறங்கிக்கொண்டே போகிறது.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மா, குழி, கலம் வைத்து நாலு பயிற்சிக் கணக்குப் போடுங்கள். இங்கே தாத்தாக்கள் இன்னும் மாக் கணக்கில்தான் நிலம் பேசுகிறார்கள். பேரனுக்கு டியூஷன் வாத்தியார் சொன்னது சரிதானா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.